உரோமாபுரியில் இருந்து வராத மெட்டு

என் மனைவி வேலை செய்யும் முதியோர் இல்லம் பார்க்டேலில் இருக்கிறது. நாங்கள் இருப்பது ஸ்ரௌவ்வில்லில், மகள் வாங்கிய வீட்டின் கீழ்த்தளத்தில். இரண்டுக்கும் நடுவில் ரொறன்ரோ நகரம் முழுவதும் கிடக்கிறது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில்தான் குடியிருந்தோம். பிறகு வீடு பலமுறை மாறியது. அவள் வேலையை மாற்றவில்லை. பனிக்காலத்தில் கார் ஓட்ட அவளுக்குப் பயம். ஆகவே பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அவளுக்குச் சாரதி நான்தான்.

கார்த்திகை மாதத்து மாலை ஒன்றில் அவள் காருக்குள் ஏறிச் சீற்பெல்ற்றைப் பிடித்தபடியே இருந்தாள். மாட்டவில்லை.

"இஞ்சாருங்கோ. எங்கட மாதா பாட்டு அந்த அமெரிக்கனுக்குத் தெரியும்."

அமெரிக்கன் என்று அவள் சொன்னது மூன்றாம் மாடியில் மூலை அறையில் இருந்த முதியவரை. தொண்ணூறைத் தாண்டியவர். ஐம்பதுகளில் அமெரிக்காவில் பாடகராக இருந்தவர், சில படங்களில் நடித்தவர் என்று அந்த இல்லத்தில் எல்லாருக்கும் தெரியும். குதிரையில் அமர்ந்த ஒரு படம் அவருடைய சுவரில் தொங்கியது. அவர் புகழ் பெற்றது ஒரேயொரு பாட்டால். அவருடைய பிறந்தநாளில் தாதிமார் அந்தப் பாட்டைப் போனில் போட்டுக் கை தட்டுவார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பொதுவாகவே பேச்சுக் குறைவு.

அன்று மனைவி அவருக்குச் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தாள். வேலை செய்யும்போது முணுமுணுப்பது அவள் பழக்கம். மூன்றாவது வரியில் அவரும் சேர்ந்துகொண்டாராம். அவள் கத்தியை எடுத்துவிட்டு நின்றிருக்கிறாள். அவர் கண்ணை மூடியபடி சரணத்தின் முடிவு வரை போய் நிறுத்தியிருக்கிறார். பாதி முகத்தில் நுரை.

ஒரு செய்திக்கு இரண்டாவது சாட்சி கேட்டே பழகியவன் நான். மாதக்கணக்கில் நீ முணுமுணுத்ததைக் கேட்டு அவர் பாடமாக்கியிருப்பார் என்றேன்.

"கேட்டுப் பாடமாக்கினவர் நான் பாடினதைத்தானே பாடவேணும்? அவர் பாடினது மெட்டுக்குக் கீழால சேர்ந்து போற கீழ்க்குரல். நான் ஒருநாளும் கீழ்க்குரல் முணுமுணுத்ததில்லை."

காரை எடுத்தேன்.

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவொன்றில், கடலைப் பார்த்த மாதா கோவிலில் பாடப்படுவது. 'கரை தெரியும் மட்டும் விளக்கை அணைக்காதே தாயே' என்று தொடங்கும். பெருநாளில் பாடுவார்கள், புதுப் படகை மந்திரிக்கும்போது பாடுவார்கள், அடக்கத்தில் பாடுவார்கள். என் மனைவியின் தமையன் கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம், பெட்டி இல்லாத இரங்கல் பூசையில் பாடியதும் இதுதான். தீவார் இங்கே வந்தபோது பாட்டும் கூட வந்தது. ஸ்காபரோவில் எங்கள் தமிழ்ப் பூசையில் மாதம் ஒருமுறையாவது கேட்கலாம். மெட்டு உரோமாபுரியில் இருந்து வந்தது என்பதில் அந்த ஊரில் எவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. மாதா சுரூபத்தோடு பாதிரியாராக இருந்த பழைய சுவாமி ஒருவர் கொண்டுவந்தார் என்பார்கள். அதனால் எழுந்து நின்று, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, மிக மெதுவாகப் பாடுவார்கள். மனைவி பாடுகிற கோவில் பாடகர் குழு எங்கள் கொயர். அதன் பாட்டுத் தாளில் மற்றப் பாட்டுகளுக்கு இசையமைத்தவரின் பெயர் இருக்கும். இதற்கு மட்டும் 'மெட்டு: உரோமாபுரி' என்று இருக்கும்.

அடுத்த வாரம் நான் அந்த முதியவரைப் பார்க்கப் போனேன். மெலிந்த மனிதர். சட்டையின் மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தார். குரலில் மட்டும் வயது ஏறவில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, மைக் முன்னால் நிற்பவரைப் போலப் பேசினார்.

தன் தொழிலைப் பற்றி அவர் சொன்னதில் பெருமையும் இல்லை, புலம்பலும் இல்லை. தகப்பன் ஒரு சிறிய ஊரில் பெற்றோல் நிலையம் வைத்திருந்தார். மகன் சந்தைகளில் பாடினார். ஒரு இசைத்தட்டுக் கம்பனி கூப்பிட்டது. புகழ் பெற்ற அந்தப் பாட்டை வேறொருவர் எழுதி வைத்திருந்தார், இவருக்குப் பிடிக்கவில்லை, பாடச் சொன்னார்கள், பாடினார். அது விற்றதால், குதிரையில் ஏறிச் சுடுகிற கௌபோய்ப் படக்காரர்கள் கூப்பிட்டார்கள். கதாநாயகனின் நண்பன் வேடம். கையில் கிற்றார் இருக்கும், ஒரு பாட்டுப் பாடுவார், இடைவேளைக்கு முன்னர் சுடப்படுவார். எல்லாப் படத்திலும் தான் நல்ல முறையில் செத்ததாகச் சொன்னார். பிறகு காலம் மாறியது, இளைஞர்கள் வேறு சத்தம் கேட்டார்கள், தொலைபேசி அடிக்கவில்லை. ரொறன்ரோவில் ஒரு இரவு விடுதியில் பாட வந்தவர், இங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அவ இறந்துவிட்டா. பிள்ளைகள் இல்லை.

ஹோட்டல் அறைகளில் இருந்து தானே எழுதிய பாட்டுகள் நிறைய இருந்தன. கம்பனி எடுத்தது ஒன்றே ஒன்று. அதையும் அந்தப் புகழ் பெற்ற பாட்டின் இசைத்தட்டில் மறுபக்கத்தில் போட்டார்கள். மறுபக்கத்தை யார் திருப்பிப் போடுவார்கள்? அது தொலைந்துபோனது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார். சவரக் கத்தியோடு நின்ற ஒரு பெண்ணின் வாயிலிருந்து அது வரும் வரைக்கும்.

அவள் அதை எங்கே கற்றாள் என்று கேட்டார். எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டார். நான் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். புறப்படும்போது, தன் பாட்டை மற்றவர்கள் பாடித் தான் ஒருபோதும் கேட்டதில்லை என்றார். ஒருமுறை கேட்க வேண்டும். இதயம் பலவீனமாகிவிட்டதென்று வைத்தியர் சொல்லியிருக்கிறார், ஆகவே வசந்த காலத்துக்குத் திட்டம் போட வேண்டாம் என்றும் சொன்னார்.

பழைய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் அந்த மறுபக்கத்தை இணையத்தில் போட்டு வைத்திருந்தார். இல்லத்தின் கார்ப் பார்க்கில், மனைவி வேலை முடிந்து வந்ததும், போட்டுக் காட்டினேன். முதல் சுரத்திலேயே தெரிந்தது. மெட்டு அதுவேதான், ஒரு வளைவுகூட மாறவில்லை. ஆனால் குதிரை ஓடுகிற வேகத்தில் போனது. சொற்களும் கேட்டன. தெருவோரத்து பாரில் ஒருவன், ஊற்றிக் கொடுக்கும் பெண்ணிடம், கடைசிக் கிளாஸை முடிக்கும் வரை விளக்கை அணைக்காதே என்று கெஞ்சுகிறான்.

அவள் கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

"பார் பாட்டோ?"

நெடுஞ்சாலையில் ஏறியதும், கொயரில் ஒருவருக்கும் இதைச் சொல்லாதேங்கோ என்றாள். தெரிந்தால் அந்தப் பாட்டை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தாள். அண்ணனின் பூசையில் பாடிய பாட்டை ஒரு குடிகாரனிடம் பறிகொடுக்க அவள் தயாராக இல்லை. அதே நேரம், தன்னை ஒவ்வொரு நாளும் கேள்வியோடு பார்க்கிற ஒரு மனிதருக்கு முன்னால் போய் நிற்கவும் வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அவள் வேலையில் முணுமுணுப்பதை விட்டுவிட்டாள்.

மெட்டு எப்படித் தீவுக்குப் போனது என்று நான் தேடினேன். பாட்டின் தமிழ்ச் சொற்களை எழுதியவர் தீவுப் பள்ளிக்கூடத்தின் சங்கீத மாஸ்ரர்; அவருடைய மகன் பாரிஸில் இருக்கிறார். தகப்பனிடம் ஒரு பெரிய ரேடியோ இருந்ததென்றும், ஆங்கில நிகழ்ச்சிகளைக் கேட்டு அந்த மெட்டுகளுக்குத் தமிழில் பாட்டுக் கட்டுவது அவருடைய பழக்கம் என்றும் சொன்னார். பள்ளிக்கூட நாடகத்துக்கும் கோவிலுக்கும் அப்படித்தான் கட்டினாராம். ஒரு இரவு யாரோ ஒரு அறிவிப்பாளர் இசைத்தட்டைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். பங்குச் சுவாமியைச் சம்மதிக்க வைக்க மாஸ்ரர் உரோமாபுரி என்று சொன்னாரா, ஊர் தானாகச் சொல்லிக்கொண்டதா என்று மகனுக்கும் தெரியாது. பத்திரிகைக்கு எழுதுவதாக இருந்தால், சாட்சி இல்லாத இந்தப் பந்தியில் பாதியை வெட்டியிருப்பேன்.

மார்கழியில் எங்கள் கொயர் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கரோல் பாடப் போகும். அதற்கான ஒத்திகை கொயர்த் தலைவரின் வீட்டு நிலக்கீழ் அறையில் நடந்தது. வாசலில் சப்பாத்துக் குவியல், மேலே பற்றிஸ் பொரிக்கும் மணம். பாடப்போகும் இடங்களைத் தலைவர் வாசித்து முடித்ததும் என் மனைவி எழுந்தாள். தன் முதியோர் இல்லத்துக்கும் வர வேண்டும், அங்கே மாதா பாட்டைப் பாட வேண்டும் என்றாள். நத்தாருக்கு ஏன் அந்தப் பாட்டு என்று தலைவர் கேட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஏதாவது காரணம் சொல்லிச் சமாளித்திருக்கலாம். முழுவதையும் சொன்னாள். பாரையும் கிளாஸையும் விடவில்லை.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப தங்கச்சி, இவ்வளவு காலமும் எழும்பி நிண்டு குடிகாரன்ர பாட்டே பாடினனாங்கள்?"

"அதுதான் அண்ணை பெருநாள் முடியிற கையோட ஆம்பிளையளுக்குத் தாகம் எடுக்கிறது," என்றார் ஆண்குரல் வரிசையில் ஒருவர்.

அறை சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை. உட்கார்ந்து, கையிலிருந்த பாட்டுத் தாளை நான்காக மடித்தாள்.

கொயரில் வயதில் மூத்தவ, எல்லாருக்கும் அன்ரி, கதிரையை விட்டு எழும்பாமலே பேசினா.

"உந்த மெட்டிலதான் என்ர மனுசனை அடக்கம் செய்தது. அது எங்கயிருந்து வந்ததெண்டாலும் இனித் திருப்பிக் குடுக்கேலாது. ஆனா சொந்தக்காரன் உயிரோட இருக்கேக்க ஒருக்காப் பாடிக் காட்டலாம்தானே. கடன் வாங்கினவை ஒரு நன்றி சொல்லுறேல்லையே?"

அதற்கு மேல் எவரும் பகிடி விடவில்லை. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த ஐயாவின் பெயரை எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்டார். எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

ஒரு ஞாயிறு பிற்பகல் போனோம். இல்லத்தின் கூடத்தில் சக்கர நாற்காலிகளை அரைவட்டமாக வைத்திருந்தார்கள். மனைவி முதியவருக்குக் கழுத்தில் ரை கட்டிவிட்டிருந்தாள். வழக்கமான கரோல்கள் முடிந்தன, சிவப்பு உடையும் வெள்ளைத் தாடியுமாக வந்த எங்கள் நத்தார் பாப்பா இனிப்புக் கொடுத்து முடித்தார். பிறகு கொயர் மாதா பாட்டைத் தொடங்கியது, வழமைபோல மெதுவாக, உரோமாபுரியின் வேகத்தில்.

முதல் சரணம் முழுவதும் முதியவர் அசையவில்லை. கண் மூடியிருந்தது. நித்திரையாகிவிட்டார் என்றே நினைத்தேன். இரண்டாவது சரணத்தில் நாற்காலியின் கைப்பிடியில் இருந்த அவருடைய விரல்கள் தட்டத் தொடங்கின. பாட்டின் வேகத்தில் இல்லை, அதைவிட விரைவாக. தொழில்காரனின் பொறுமையின்மை அது. தலைவர் தன் கையை உயர்த்தி மெதுவாகவே வீசிக்கொண்டிருந்தார். என் மனைவி தலைவரின் கையைப் பார்க்கவில்லை, கைப்பிடியில் தட்டிய முதியவரின் கையைப் பார்த்தாள். அவள்தான் முதலில் முந்தினாள். பெண்குரல்கள் இழுபட்டு அவளுக்குப் பின்னால் போயின. தலைவர் ஒரு கணம் தடுமாறி, விட்டுக்கொடுத்தார். கடைசிச் சரணம் ஓட்டமாகப் போனது. அன்ரி மூச்சு வாங்கியபடி சிரித்தா. இனிப்புப் பையோடு நின்ற நத்தார் பாப்பா ஆடத் தொடங்கினார்.

முதியவர் பாடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்த பிறகு மனைவியைக் கிட்டக் கூப்பிட்டு, சொற்களின் அர்த்தம் என்ன என்று கேட்டார். கடலில் போனவர்கள் கரையைக் காணும் வரைக்கும் விளக்கை அணைக்காதே என்று மாதாவைக் கேட்கிற பாட்டு என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்தார். எல்லாரும் வந்து சேர்ந்தார்களா என்று கேட்டார். எல்லாரும் இல்லை என்றாள் அவள். அவர் அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

தலைவர் புதிதாக அச்சடித்த பாட்டுத் தாளைக் கொடுத்தார். 'மெட்டு' என்பதற்கு எதிரே உரோமாபுரி இல்லை. தமிழ் எழுத்தில் அவருடைய பெயர் இருந்தது. அவர் தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். இந்தத் தாளில் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். மனைவி அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். அவர் விரலை எடுக்காமல் கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். பக்கத்து நாற்காலி அம்மாவுக்குத் தாளைச் சரித்துக் காட்டினார்.

ஈஸ்டர் என்கிற உயிர்த்த ஞாயிற்றுக்கு முன்னர் அவர் இறந்துபோனார். ஆங்கிலச் செய்திக் குறிப்பில் அந்தப் புகழ் பெற்ற பாட்டும் குதிரைப் படங்களும் இருந்தன. நான் என் பழைய பத்திரிகைக்கு நாலு வரி அனுப்பினேன். பாடலாசிரியர் என்று தொடங்கினேன். நடிகர் என்பதைக் கடைசியில் வைத்தேன். ஆசிரியர் ஒன்றையும் வெட்டவில்லை.

மூலை அறையில் இப்போது வேறொருவர் இருக்கிறார். மனைவி வேலையில் மறுபடியும் முணுமுணுக்கிறாளாம். காரிலும் கேட்கிறேன். ஏரிக்கரைத் தெருவில் திரும்பும்போது தொடங்குவாள். மெட்டைப் பாடுவதில்லை, அவருடைய கீழ்க்குரலைத்தான்.