சாயத் தண்ணீர் அருவி

நல்லூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர் அவர். முகத்தில் பவுடர், கசங்காத சட்டை. லென்ஸை எப்போதும் பனியன் கம்பெனி வேஸ்ட் துணியால்தான் துடைப்பார்.

தொண்ணூறுகளில் ஒருமுறை, நொய்யல் தடுப்பணையில் சாயப்பட்டறைகள் விட்ட சாயத் தண்ணீர் நுரைத்து விழுவதைப் படமெடுக்க அவரை அழைத்துப் போனேன். கிணறு கெட்டுப்போன விவசாயி ஒருவர் கலெக்டரிடம் கொடுக்கும் மனுவோடு இணைக்கக் கேட்டிருந்தார். நாற்றம் தாங்காமல் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவரோ கேமராவை அசைக்காமல் வானத்துக்கு ஒன்று, நுரைக்கு ஒன்று, பாறை நிழலுக்கு ஒன்று என வெளிச்சத்தை மாற்றி மாற்றி எடுத்தார். மூன்று நெகட்டிவையும் இருட்டறையில் ஒரே தாளில் சேர்த்துக் கறுப்பு வெள்ளையில் கொண்டுவந்தார். நுரை பாலாக வழிந்தது.

விவசாயி படத்தைப் பார்த்தார். "ஏனுங்க, இதக் காட்டுனா கலெக்டரு துண்டோட குளிக்க வந்துருவாருங்க."

"உள்ளபடி ஒண்ணு போட்டுக் குடுங்க," என்றேன் ஸ்டூடியோக்காரரிடம்.

"என்ற கடையிலிருந்து அசிங்கமா ஒரு படம் வெளிய போகாதுங்க."

நெகட்டிவையும் தர மறுத்தார். மறுநாளே மனு நாள். மனு படமில்லாமல் போனது.

சாயப்பட்டறைக்காரர்கள் யாரும் அவருக்குக் காசு கொடுத்திருக்கவில்லை. வாங்கிக்கொண்டு செய்திருந்தால் எனக்கு இத்தனை அருவருப்பு இருந்திருக்காது.