மச்சான் மறுசோறு கேட்ட நாள்

நாவலூரில் எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று கேட்டால், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் என்னைத்தான் கைகாட்டுவார்கள். அந்தப் பெருமையோடு சேர்த்து ஓர் அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்ற வருடம் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் ஒரு மெஸ்ஸின் கோலா உருண்டையைப் பற்றி மூன்று பத்தி எழுதினேன். உவமைகளெல்லாம் இருந்தன. அதை நம்பி, பக்கத்து பிளாக்குக்காரர் தன் சம்பந்தி வீட்டாரை அழைத்துக்கொண்டு போனார். அந்த மெஸ் மூடி, அதே இடத்தில் டயர் கடை வந்து வெகுநாளாகியிருந்தது. நான் எழுதியதெல்லாம் பழைய ஞாபகம். மனிதர் காருக்குக் காற்று மட்டும் அடித்துக்கொண்டு திரும்பினார்.

இப்பேர்ப்பட்ட நிபுணனுக்கும் வாழ்க்கையில் ஒரு லட்சியம் இருந்தது. என் மனைவியின் அண்ணன் மதுரைக்காரர். எங்களுக்குக் கல்யாணமான நாளாக வந்து போய்க்கொண்டிருக்கிறார். செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்குள் எந்த இலையிலும் அவர் மறுசோறு கேட்டதில்லை. முதலில் வைத்ததை மரியாதைக்குச் சாப்பிட்டு முடிப்பார். தண்ணீர் குடிப்பார். "சரி, வயித்துக்கு ஒரு வேல குடுத்தாச்சு" என்று எழுந்துவிடுவார். சிறுசேரியில் பிரியாணி காட்டினேன், நாவலூரில் ஆந்திரா சாப்பாடு காட்டினேன், நெடுஞ்சாலையில் மதுராந்தகம் வரைக்கும் ஓட்டிப் போய் நாட்டுக்கோழி காட்டினேன். "இங்கிட்டு ரோடு நல்லாத்தான் போட்ருக்கான் மாப்ள" என்றார்.

மற்றவர்கள் பதவி உயர்வுக்கு ஏங்குவார்கள். நான் ஏங்கியது, அந்த வாயிலிருந்து 'இன்னும் கொஞ்சம்' என்ற இரண்டு சொற்களுக்கு.

போன தடவை அவர் வந்தபோது கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில், ஒரு குப்பத்துக்குள்ளே தகரக் கூரை போட்ட மெஸ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. காலையில் படகில் வந்தது மதியம் குழம்பில் இருக்கும். நடத்துகிற அம்மாள் வைக்கும் சங்கரா மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நான் ஒருமுறை காரிலேயே தூங்கியிருக்கிறேன். வழியெல்லாம் அந்தக் குழம்பை வர்ணித்துக்கொண்டே ஓட்டினேன். மச்சான் காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டிருந்தார். எனக்கு அதுவே பாதி வெற்றியாகப் பட்டது.

போய் இறங்கினால் அடுப்பில் புகை இல்லை. படகுகள் எல்லாம் மணலில் வரிசையாகப் படுத்திருந்தன.

"இன்னா சார், இன்னிக்குப் போய் வந்துகீறே?" என்றார் அந்த அம்மாள். "அமாவாச சார். எங்க குப்பத்துல ஒருத்தரும் கடலுக்குப் போவ மாட்டாங்க. மீனுக்கு நான் எங்க போறது?"

வேலை, சம்பளம், கூட்டம், விடுமுறை எல்லாவற்றையும் கைப்பேசியைப் பார்த்தே தெரிந்துகொள்ளும் எனக்கு, அமாவாசையைச் சொல்ல அதில் ஏற்பாடு செய்யத் தோன்றியதில்லை. மச்சான் என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தார். "காத்து நல்லா வருது மாப்ள" என்றார்.

என் முகத்தைப் பார்த்து அந்த அம்மாளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். "வூட்ல மாமியாளுக்குப் படையல் போட்டுகீறேன். சாப்ட்டுப் போங்க. ஆனா காக்கா எடுத்தாத்தான் நமக்கு எல போட முடியும்" என்றார்.

மெஸ்ஸுக்குப் பின்னால்தான் வீடு. மதில் மேல் ஒரு துண்டு இலையில் சோறும் சாம்பாரும் வடையும் இருந்தன. தென்னை மட்டையில் ஆறேழு காகங்கள் உட்கார்ந்து அதைப் பார்த்தன. ஒன்றும் இறங்கவில்லை. தினமும் மீன் குடலும் செதிலுமாகத் தின்று வளர்ந்த கடற்கரைக் காகங்கள் அவை. பூசணிக்காய் சாம்பாரை ஓர் ஏமாற்று வேலையாகவே கருதின.

"உசுரோட இருந்தப்போவே நான் ஆக்குனத லேசுல தொடாது அந்தக் கெழவி" என்று அந்த அம்மாள் முணுமுணுத்தார். பாவம், எனக்கு ஒரு மச்சான் என்றால் அவருக்கு மாமியார். இரண்டு பேரும் ஆளுக்கொரு வாய்க்காகக் காத்திருந்தோம்.

மணி இரண்டரையைத் தாண்டியது. நான் மதிலருகே போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, "கா... கா..." என்றேன். ஒரு காகம் எழுந்து தள்ளி உட்கார்ந்தது.

"மாப்ள, நீங்க கூப்புடுறது கம்ப்யூட்டர் மீட்டிங்ல 'கேக்குதா, கேக்குதா'ங்கிற மாதிரில்ல இருக்கு" என்றார் மச்சான். "தள்ளுங்க."

வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு கையையும் வாயருகே குவித்தார். அவர் போட்ட சத்தத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போனது. ஒரு கிழட்டுக் காகம், பயத்திலோ பசியிலோ, சரேலென்று இறங்கி வடையைக் கவ்வியது. அதைப் பார்த்து மற்றவையும் இறங்கின.

"எட்த்துச்சு!" என்று கை தட்டினார் அந்த அம்மாள். "ஒக்காரு அண்ணாத்த, நீதான் மொத எல!"

வாழைக்காய்ப் பொரியல், அவரைக்காய்க் கூட்டு, பூசணிக்காய் சாம்பார், உளுந்து வடை, பாசிப்பருப்புப் பாயசம். வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. மச்சான் குனிந்தவர் நிமிரவில்லை. நான் சாப்பிடவே இல்லை, அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு கரைந்தது. ஓரத்தில் ஒரு பருக்கை இருந்தது, அதுவும் போனது. தண்ணீர் டம்ளர் பக்கம் கை நீண்டது. கை டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு இலைக்குத் திரும்பியது.

"தாயி, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க. சாம்பாரு இருக்குல்ல?"

இரண்டு சொல் கேட்டேன், ஏழு கிடைத்தது. அந்த இடத்திலேயே எழுந்து நின்று கொடி ஏற்றலாம் போலிருந்தது. அவர் மூன்றாம் முறையும் வாங்கினார். படையல் சாப்பாட்டுக்குக் காசு வாங்கினால் கிழவி கனவில் வந்து சண்டை போடுமென்று அந்த அம்மாள் எங்களை அப்படியே அனுப்பிவைத்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அன்று நான் பாட்டுப் பாடிக்கொண்டு வண்டி ஓட்டினேன். மச்சான் தூங்கிக்கொண்டு வந்தார். என் குழம்பு செய்யும் என்று நினைத்ததைச் சாம்பார் செய்துவிட்டது. அதனாலென்ன, கூட்டிக்கொண்டு போனவன் நான்தானே!

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மனைவியிடம் நடந்ததைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். காகம், வடை, மறுசோறு, அதற்கும் மறுசோறு. அவள் துணி மடித்துக்கொண்டே முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"மூணு மணி வரைக்கும் பட்டினி போட்டா, எங்க அண்ணன் நீங்க கிண்டுற உப்புமாவையே ரெண்டாந்தரம் கேப்பாரு" என்றாள்.