நெசவுப் பெட்டியில் ஓர் அட்டை

எழுபதுகளின் கடைசியில் என்னைச் சென்னைக்குக் கணிப்பொறிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். "பெயர், வயது, படிப்பு என்று தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விடை. எந்தத் தலைப்பை வைத்துச் சலிக்கிறோமோ அதற்குப் பொருந்தாதது கண்ணிலேயே படாது" என்று ஒருவர் பாடம் எடுத்தார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பழைய அட்டை ஒன்று நினைவுக்கு வந்தது.

காஞ்சிபுரத்தில் வேலை தேடுவோர் பெயர் பதியும் அலுவலகம் ஒன்றில் நான் குமாஸ்தா. ஆளுக்கு ஓர் அட்டை. 'தெரிந்த தொழில்' என்ற கட்டத்தைப் பார்த்துத்தான் பெட்டி பிரிப்போம். கட்டம் காலியாக இருந்தால் எழுத்து வேலைப் பெட்டி. எங்காவது குமாஸ்தா கேட்டால் அந்தப் பெட்டியை மட்டும் திறந்து, படிப்பும் வயதும் பார்த்து அட்டைகளை உருவுவோம்.

அந்தப் பயிற்சிக்குப் பல வருஷம் முன்பு, நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம், நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பள்ளி இறுதி தேறியவர். லாரி மோதி ஒரு கால் மடங்காமல் போனதால் தறிக்குழியில் இறங்கி நெய்ய முடியாது. உட்கார்ந்து எழுதும் வேலை கிடைத்தால்தான் பிழைப்பு என்றார்.

"தறி தெரியுமாப்பா?" என்று கேட்டேன்.

"இன்னாமா இப்டி கேட்டுட்டீங்க? தறி தெரியாம எங்க வூட்ல எவனாவது பொறப்பானா? எழுதிக்கோங்கமா."

'நெசவு' என்று எழுதி நெசவுப் பெட்டியில் போட்டேன். மற்ற தறிக்காரப் பிள்ளைகள் விவரமானவர்கள். ஒன்றும் தெரியாது என்று கூசாமல் சொல்லிவிட்டுப் போனார்கள். இவருக்கு அந்தப் பொய் வரவில்லை, எனக்குப் புத்தி வரவில்லை. நெசவாளி வேண்டும் என்று இந்த ஊரில் எவன் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பான்? கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். அந்தப் பெட்டியை யாரும் திறந்ததே இல்லை.

வருஷா வருஷம் பதிவைப் புதுப்பிக்க வருவார். அதைப் பேரேட்டில் எண்ணுக்கு நேரே குறித்தால் போதும். அட்டையைத் தொட வேண்டியதில்லை.

"எனக்கு அப்பால பதிஞ்சவனுக்கெல்லாம் வேலை வந்துக்கினு இருக்குதுமா."

"வரும்பா. வரிசைன்னு ஒண்ணு இருக்குதில்ல" என்பேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி. அந்த வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. வயது வரம்பைத் தாண்டியவர்களின் அட்டைகளை நீக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இந்த முறை பிறந்த தேதி ஒன்றுதான் கணக்கு என்பதால் எல்லாப் பெட்டிகளையும் திறந்தோம். நெசவுப் பெட்டியில் தூசி தட்டியபோது அவர் அட்டை, என் கையெழுத்தோடு. வேலைக்காகத் தேடியபோது ஒரு தடவையும் வராதது, தள்ளுவதற்குத் தேடியதும் வந்துவிட்டது. பாவி, பாவி என்று மனசு அடித்துக்கொண்டது.

அந்த மாதமே அவர் வந்தார். காலை நீட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். வயது தாண்டிவிட்டது என்று சொன்னேன். காரணத்தையும் சொல்ல வாயெடுத்தேன். என் வேலை போய்விடுமே என்ற பயத்தில் மூடிக்கொண்டேன்.

"ஒரு வாட்டி கூட என் பேரு வரலியாமா?"

"வரலப்பா."

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க இன்னாமா பண்ணுவீங்க, பாவம். தேடாமயா இருந்துருப்பீங்க" என்றார்.