மூன்று நட்சத்திரங்களுக்குப் பிறகு

"சனிக்கிழமை, மூன்று நட்சத்திரங்களுக்குப் பிறகு. கராம்புக்கு நன்றி. டப்பாவை நாங்களே வைத்துக்கொள்ளலாமா?"

சுவிட்சர்லாந்தின் டாவோஸில் நானும் மனைவியும் பராமரிக்கும் முகாம் வீட்டில், எங்கள் கதவிடுக்கில் செருகியிருந்த ஜெர்மன் துண்டுச்சீட்டு இது. எதையும் திகதியிட்டுக் கோப்பில் வைக்கும் பழக்கமுள்ள எனக்கு, மாதமும் ஆண்டும் இல்லாத அந்தச் சீட்டு முதலில் எரிச்சலைத்தான் தந்தது. ஆனால் அந்த நேரத்தை அதைவிடச் சரியாகக் குறித்திருக்க முடியாது. யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி மாலை தொடங்கி, சனி மாலை வானில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும்போது முடிகிறது.

ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு யூத இளைஞர் குழு அந்த வீட்டை ஒரு வாரத்துக்கு எடுக்கும். தங்கள் உணவு விதிகளுக்காக, பானை சட்டி, கத்தி, இறைச்சி எல்லாம் அவர்களே கொண்டுவருவார்கள். முதல் முறை வந்தபோது பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் இறங்க இறங்க, மனைவி எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இதுகளின்ர பெரியாக்கள் எங்கை?" என்று கேட்டாள். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த ஒரு பெண்ணைக் காட்டினேன். அவள்தான் குழுத் தலைவி. சமையல், பிரார்த்தனை, பனிச்சறுக்கு, யார் யாரோடு சண்டை என்பது வரை எல்லாவற்றுக்கும் அவளும் அவள் வயதுத் தோழர்களுமே பொறுப்பு. "எங்கடை பிள்ளையளைத் தமிழ்ப் பள்ளிக்கு நாங்கள் இழுத்துக்கொண்டு போறம். இதுகள் ஒண்டை ஒண்டு இழுத்துக்கொண்டு வருதுகள்" என்றாள் மனைவி.

அந்த ஆண்டு வில் என்ற ஊரிலிருந்து பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி புதிதாக வந்திருந்தாள். ஓய்வுநாளில் விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அதனால் வெள்ளி மாலையே கூடத்து விளக்கை எரியவிட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கு நடுவில் அந்தப் பெண் தண்ணீர் எடுக்க எழுந்தாள். அறையை விட்டுப் போகும்போது விளக்கை அணைக்க வேண்டும் என்று இந்த நாட்டில் வளரும் எல்லாப் பிள்ளைகளையும் போல அவளையும் பழக்கியிருப்பார்கள். கை தானாகப் போய் சுவிச்சைத் தட்டியது. கூடம் முழுவதும் இருண்டது. மறுநாள் மாலை வரை அவர்களில் யாரும் அதைத் தொட முடியாது.

மேலே கேட்ட சத்தம் சட்டென்று நின்றதும், கீழே எங்கள் குடியிருப்பிலிருந்து நான் ஓடினேன். மேசையில் மெழுகுதிரிகள் மட்டும் எரிந்தன. யாரோ ஒரு பையன், "எங்கடை மின்சார மந்திரி வாழ்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தலைவி, "போன வருசம் நான் சூப்பு அடுப்பையே அணைச்சுப் போட்டனான். ரெண்டு நாளும் பச்சைத்தண்ணிச் சூப்பு. இவள் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் பாடத் தொடங்கினாள். நான் விளக்கைப் போட்டிருக்கலாம், எனக்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் திரிகள் ஒவ்வொன்றாக அணைய அணைய, மேசையைத் தட்டியபடி அத்தனை குரல்களும் இன்னும் உரத்து எழுந்தன. கடைசித் திரியும் போன பின், யன்னலுக்கு வெளியே இருந்த பனியின் வெளிச்சத்தில் முகங்கள் மங்கலாகத் தெரிந்தன. அந்த இருட்டைக் கலைக்க என் கைக்கு மனம் வரவில்லை. எத்தனையோ கோயில் திருவிழாக்களில் நின்றிருக்கிறேன். அப்படி மயிர்க்கூச்செறிந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் பிற்பகல் அந்தப் பெண் கீழே சப்பாத்துகளைக் கழற்றி வைக்கும் அறையில் தனியாக இருந்தாள். ஓய்வுநாள் முடிந்ததும் தகப்பனுக்குப் போன் அடித்து, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லப்போவதாகச் சொன்னாள். "பள்ளிக்கூடத்திலை நான் ஒருத்திதான் யூதப் பிள்ளை. அங்கை நான் கூடிப்போன யூதர். இங்கை குறைஞ்சுபோன யூதர்." அவளை எங்கள் அடுக்களைக்குக் கூட்டிப்போனேன். மனைவி எங்கள் அடுப்பில் கராம்பு போட்டுத் தேத்தண்ணி கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். வாசனை என்ன என்று பெண் கேட்டாள். மனைவி கராம்பு டப்பாவைத் திறந்து அவள் மூக்கருகே பிடித்தாள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நட்சத்திரங்கள் தெரிந்த வேளையில் எங்கள் கதவு படபடவென்று தட்டப்பட்டது. ஓய்வுநாளை வழியனுப்பும் சடங்குக்கு வைன், பின்னல் மெழுகுதிரி, முகர்ந்து பார்க்க வாசனைத் திரவியம் ஆகிய மூன்றும் வேண்டும். திரவியப் பெட்டியை சூரிச்சிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மேலே எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, வில் பெண்ணுக்கு மட்டும் நினைவு வந்திருக்கிறது. "அந்த டப்பா" என்றாள், மூச்சு வாங்க. மனைவி கராம்பை டப்பாவோடு கொடுத்தனுப்பினாள்.

நாங்களும் பின்னால் போய் வாசலில் நின்றோம். டப்பா கை மாறி மாறி வட்டம் முழுவதும் போனது. ஒவ்வொரு பிள்ளையும் மூச்சை இழுத்து முகர்ந்து அடுத்தவரிடம் கொடுத்தது. பிறகு மெழுகுதிரியை வைனில் தோய்த்து அணைத்தார்கள். மறுபடியும் அதே இருட்டு. அதற்குள்ளிருந்து தலைவியின் குரல் வந்தது: "மந்திரி, இப்ப போடுங்கோ."

சுவிச்சைத் தட்டியவள் அந்தப் பெண்தான். கூடம் வெளிச்சமானபோது எழுந்த ஆரவாரம் பக்கத்து வீட்டு நாயையும் குரைக்க வைத்தது. தகப்பனுக்கு அன்று அவள் போன் அடிக்கவில்லை. கதவிடுக்கில் அந்தச் சீட்டு வந்தது அன்றிரவுதான்; டப்பாவை நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்தடுத்த குளிர்காலங்களிலும் அந்தப் பெண் வந்தாள். பிறகு ஒருமுறை தலைவியாகவே வந்து, முதல் வேலையாக வீட்டிலிருந்த எல்லாச் சுவிச்சுகளின் மேலும் நாடா ஒட்டினாள்.

இந்தக் குளிர்காலம் வந்த குழுவில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. சனி மாலை அவர்கள் வட்டத்தில் சுற்றவிட்டது வண்ணம் உரிந்த ஒரு தகர டப்பா, அதிலிருந்து வந்தது கராம்பு வாசனை. எப்போதிலிருந்து கராம்பு என்று புதிய தலைவனைக் கேட்டேன். "எங்கடை குழுவிலை எப்பவும் கராம்புதான்" என்றான், நான் கேட்டதே வேடிக்கை என்பது போல. எங்கள் டப்பாவின் அடியில் மனைவி ஆணியால் கீறிய 'க' என்ற எழுத்து இருந்தது. சுற்றிக்கொண்டிருந்த டப்பாவை இடைமறித்துத் திருப்பிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அது எங்களுடையதுதானா என்பதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.