போகோ என்று சொன்னவர்

எங்கள் சந்தில் ஒன்பது நாள் ஒரு இழைகூட அறுபடாமல் தறிகள் ஓடின. அதைப் பற்றி இப்போது யாரும் வாய் திறப்பதில்லை. நானாவது சொல்லிவிடுகிறேன்.

தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் நகரியில், ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், எட்டுத் தறி பவர்லூம் ஷெட் ஒன்றில் நான் இரண்டு தறி ஓட்டுகிறேன். தறி ஓட்டுவது என்றால் பாதி நேரம் அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவதுதான். கண் போய்விடும். பொறுமை அதற்கு முன்பே போய்விடும். எனக்கு அது பிறக்கும்போதே கிடையாது என்பார் என் வீட்டுக்காரர்.

ஒருநாள் காலையில் அந்தப் பெரியவர் வந்து ஷெட் வாசலில் நின்றார். நரைத்த தாடி, அழுக்கு வேட்டி, கையில் ஒரு பைகூட இல்லை. வடக்கே எங்கிருந்தோ வந்த ரயிலில் இறங்கியிருக்க வேண்டும். தமிழும் தெரியவில்லை, தெலுங்கும் தெரியவில்லை. ஆனால் அவர் வந்து நின்ற நேரத்திலிருந்து எட்டுத் தறியிலும் ஒரு இழை அறுபடவில்லை. மதியம்வரை நான் ஒரு முடிச்சுப் போடவில்லை. விரல்களை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஷெட் ஓனர் ஒவ்வொரு தறியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பெரியவரைக் கும்பிட்டார்.

மறுநாள் தலைவாழை இலை போட்டு, சாதம், சாம்பார், வடை, பாயசம் எல்லாம் வைத்து, அவர் முன்னால் கற்பூரம் காட்டினோம். அவர் இலையைப் பார்த்தார், கற்பூரத்தைப் பார்த்தார், கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டார். சாமிக்குப் படைக்கிறோம் என்று நினைத்திருப்பார், பாவம். தொடவில்லை. சோறு தொடாத சித்தர் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டோம். அந்தச் சாப்பாட்டை நாங்களே பிரசாதமாகப் பங்கு போட்டுக்கொண்டோம். பாயசம் ருசியாக இருந்தது என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவர் பேசியது ஒரே சொல்தான். வயிற்றில் கையை வைத்துத் தலையைக் குனிந்துகொண்டு, "போகோ" என்பார். எங்கள் காதில் அது 'போக' என்று விழுந்தது. தெலுங்கில் யோசித்தாலும் போவதுதான். இரண்டு பாஷை தெரிந்தவர்கள் என்ற மிதப்பு வேறு எங்களுக்கு. மூன்றாவதாக ஒரு பாஷை இருக்கும் என்று தோன்றவே இல்லை. சித்தர் அடுத்த ஷெட்டுக்குப் போக வேண்டும் என்கிறார் என்று அழைத்துப் போவார்கள். அங்கே போயும் அதையே சொல்வார். உடனே அதற்கடுத்த ஷெட். இப்படியே சந்து முழுக்க அவரைச் சுற்றவைத்தோம். அவர் நின்ற இடத்திலெல்லாம் தறி நிற்காமல் ஓடியது. கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டிருக்கலாம். ஆனால் பிச்சை கேட்டுப் பழகாத மனுஷன். டீ கொடுத்தால் மட்டும் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை குடிப்பார். அதைப் பார்த்தும் எங்களுக்கு உறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் அவர் சுற்றிவிட்டு எங்கள் ஷெட்டுக்கே வந்திருந்தபோது, ரயில் பாதை வேலைக்கு வந்திருந்த ஒடிசாக்காரர் ஒருவர் அங்கே தண்ணீர் கேட்டு வந்தார். பெரியவர் சொன்னது காதில் விழுந்ததும் சொம்பைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் பக்கம் திரும்பி, அரைகுறைத் தெலுங்கில் "ஆகலி" என்றார். பசி. அவர்கள் பாஷையில் போகோ என்றால் பசியாம்.

ஷெட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் என் டிபன் பாக்ஸைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் சாப்பிடுவதைப் பார்க்க முடியாமல் தறிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் என் முதல் தறியில் ஒரு இழை அறுந்தது. பிறகு பக்கத்துத் தறியில். அவர் கை கழுவி வருவதற்குள் எட்டுத் தறியும் நின்றுவிட்டன.

அடுத்த நாளும் சாப்பிட்டார். அடுத்த நாளும் அறுந்தது.

"துன்னாத இருந்த வரைக்கும் நல்லா ஓடிக்கினு இருந்துச்சு" என்றார் ஓனர். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, தறியைப் பார்த்துச் சொன்னார்.

பட்டினி போடு என்று யாரும் சொல்லவில்லை. அவ்வளவு கெட்டவர்கள் இல்லை நாங்கள். இன்னொரு வீட்டில் கொடுத்திருப்பார்கள் என்று ஒவ்வொரு வீடும் நினைத்துக்கொண்டது. நானும்தான். அதற்கு மறுநாள் தறி மறுபடியும் அறுபடாமல் ஓடியது. யாரும் அவருக்குச் சோறு போடவில்லை என்று அந்தச் சத்தமே சொன்னது. ஆனாலும் தறியை நிறுத்தவில்லை.

அன்று வீட்டில் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "திருப்பதி பஸ்ல ஏத்தி வுட்டுடு. மலை மேல சோறு போடறாங்கோ. இங்க இருந்து இன்னா பண்ணப் போறாரு" என்றார். எனக்கும் அது புண்ணியமான காரியமாகத்தான் பட்டது. அவர் என் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்பதுதான் நிஜம்.

விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போய் ஜன்னல் ஓரமாக உட்காரவைத்தேன். டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்தேன். அவர் டிக்கெட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, வயிற்றில் கையை வைத்து, அந்தச் சொல்லைச் சொன்னார்.

பக்கத்தில் நின்றிருந்த கண்டக்டர், "ஏமண்டுன்னாடு?" என்று கேட்டார். என்ன சொல்கிறார் என்று.

எதிரிலேயே இட்லிக் கடை இருந்தது. பஸ் எடுக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"போவாலண்ட" என்றேன். போக வேண்டுமாம்.