பிரிக்பீல்ட்ஸிலிருந்து தெலுக் பங்லிமா காராங்: பத்துச் சுற்று, ஒரு பொய்

கிள்ளான் பக்கம் ஒருநாள் பயணம் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது 1989 ஆகஸ்டு பள்ளி விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போகவில்லை, கடலுக்கும் போகவில்லை. என் அண்ணன் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கப் போனேன். அண்ணனுக்கு அது தெரியாது.

அண்ணன் மோகன் மெக்கானிக். பிரிக்பீல்ட்ஸில் செல்லத்துரை அங்கிளின் பட்டறையில் வேலை. அங்கிள் பொதுப்பணித் துறையில் சாலை அளந்து ஓய்வு பெற்றவர்; இப்போது பந்தயத் தடத்தை அளக்கிறார். பட்டறைக்கு ஒரு பழைய பந்தயக் கார் உண்டு. வருடத்தில் ஆறு பந்தயம். ஓட்டுவது அண்ணன், நேரம் எடுப்பது நான். முதல் பந்தயத்தில் அண்ணன் ஐந்தாவது. இரண்டாவதில் முன்னால் போன கார் வளைவில் குட்டிக்கரணம் போட்டது. அண்ணன் உரசாமல் தப்பித்து ஒன்பதாவதாக வந்தார். அன்று நான், ஓட்டுகிறவருக்கு எத்தனையாவது இடம் என்று காட்டும் பலகையில் பெரிதாக "1" என்று எழுதிக் காட்டினேன். அண்ணன் சிரித்துக்கொண்டே கூட்டத்துக்குக் கையாட்டினார். மூன்றாவதிலும் அதையே காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினோராவது.

அங்கிளுக்கு வேகம் முக்கியமில்லை. "வேகம் வண்டியோடது தம்பி. ஒரே மாதிரி ஓட்டுறது ஆளோடது" என்பார். பத்துச் சுற்றில் வேகமான சுற்றுக்கும் மெதுவான சுற்றுக்கும் இடைவெளி எவ்வளவு என்று மட்டும் பார்ப்பார். அண்ணனுக்கு முதல் பந்தயத்தில் 0.8 விநாடி. மூன்றாவதில் 6.3.

சனிக்கிழமை அங்கிள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தெலுக் பங்லிமா காராங்கில ஜெயா எண்டு ஒரு பிள்ளை, பாக்டரி வேன் ஓட்டுது. நீர் போய் அதே வேனில பத்துச் சுத்து எடுத்துக்கொண்டு வாரும். இடைவெளி ஒரு விநாடிக்குள்ள வந்தா ஆளை மாத்துவம். வராட்டி மோகனே ஓடட்டும்."

ஸ்டாப்வாட்சும் நீல நோட்டும் என் பையில். காலை 6.40க்கு அறையை விட்டுக் கிளம்பினேன். அப்பாவுக்கு ஈப்போவுக்கு மாற்றலாகி அம்மாவும் கூடப் போன பிறகு, அந்த அறையில் அண்ணனும் நானும்தான். மூன்றாவது பந்தயத்துக்குப் பிறகு அண்ணன் பேசுவதையும் நிறுத்திவிட்டார், ஆக மின்விசிறிதான் மூன்றாவது ஆள். அன்று காலை அது மட்டும்தான் தலையாட்டி வழியனுப்பியது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தால் இருபத்தைந்து நிமிடம். மினி பஸ்ஸில் போனால் ஐம்பது காசு, ஆனால் ஒற்றைக் காலில் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். 7.15க்குப் பஸ் கிளம்பியது. கட்டணம் ஒரு வெள்ளி ஐம்பது காசு. தூரம் முப்பத்திரண்டு கிலோமீட்டர், ஒரு மணி ஐந்து நிமிடம் ஆனது. பத்து தீகா என்ற ஊரைத் தாண்டும்போது பந்தயத் தடம் இருக்கும் பக்கம் பார்த்தேன். பந்தயமில்லாத நாளில் அது ஒரு பெரிய வெறுங்காடு. பக்கத்து இருக்கையில் யாராவது இருந்திருந்தால், "இங்கதான் எங்கண்ணே ஓட்டுறாரு" என்று சொல்லியிருப்பேன். ஒரு தகர டின்தான் இருந்தது. பிஸ்கட் டின். அதன் சொந்தக்காரர் முன்னால் தூங்கிக்கொண்டிருந்தார்.

கிள்ளானில் ரொட்டி சானாய் இரண்டு, தே தாரேக் டீ ஒன்று: ஒரு வெள்ளி அறுபது காசு. கடைக்கார அண்ணன் "ஒரு ஆளா, ரெண்டு ஆளா?" என்று கேட்டார். "வயிறு ரெண்டு, ஆளு ஒண்ணு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு தெலுக் பங்லிமா காராங்குக்கு இன்னொரு பஸ், தொண்ணூறு காசு, நாற்பது நிமிடம். வழியெல்லாம் செம்பனை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மணி 9.40.

ஜெயா அக்கா வேனோடு நின்றிருந்தார். இருபத்தாறு வயது இருக்கும். காலை ஏழு மணிக்குப் பெண்களை ஓவர்டைமுக்கு இறக்கிவிட்டு, மூன்று மணிக்குத் திரும்ப ஏற்ற வேண்டும். நடுவில் சும்மாதான். கண்ணாடியில் மல்லிகைச் சரம் தொங்கியது.

"என்னக்கா, வேனுக்குக் கல்யாணமா?"

"வாய பாரு! நம்ம பொண்ணுங்க பதினாலு பேரும் சேந்து வாங்கிக் குடுத்தாளுங்க. அக்கா ரேஸ் ஓட்டப் போறாளாம். சொல்லாதீங்கடின்னா கேட்டாத்தானே. நீதான் டைம் எடுக்குற தம்பியா? சாப்டியா?"

தொழிற்சாலைகளுக்குப் பின்னால் சதுரமான ஒரு சாலை, சுற்று ஒன்றுக்கு 1.2 கிலோமீட்டர். ஞாயிறு என்பதால் லோரி ஒன்றுகூட இல்லை. நான் மூலையில், ஒரு வாகை மரத்தடியில் நின்றேன். அக்கா சீட்டை இழுத்து, பின்னால் உருண்ட சாப்பாட்டுத் தூக்கை இருக்கைகளுக்கு நடுவில் அமுக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

பதினாலு பேர் ஏறுகிற வேன் அப்படித் திரும்பி நான் பார்த்ததில்லை. வேகமாக இல்லை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பிரேக், அதே இடத்தில் திருப்பம். வரைந்த கோட்டின் மேல் திரும்ப வரைகிற மாதிரி. முதல் சுற்று ஒரு நிமிடம் 41.6 விநாடி. இரண்டாவது 41.3. மூன்றாவது 41.9. நான்காவது 41.4.

நான்காவதை எழுதும்போது, "41" என்ற இடத்தில் என் கை "45" என்று எழுதியது. கை என்று சொல்வது ஏமாற்று வேலை. நான்தான் எழுதினேன். பேனா மசியில். மரத்தடியில் என்னைப் பார்க்க ஒரு காக்கைகூட இல்லை. குறும்பு செய்தால் யாராவது பார்க்க வேண்டும், பிறகு சிரிக்க வேண்டும். இதை யாரும் பார்க்கவும் இல்லை, எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

பத்துச் சுற்றும் முடிந்தது. மற்ற ஒன்பதும் 41.2க்கும் 41.9க்கும் நடுவில். அக்கா இறங்கி ஓடி வந்தார்.

"எப்டி தம்பி? நல்லா வந்துச்சா?"

"ஒண்ணுதான் கொஞ்சம் கூடிருச்சுக்கா. நாலாவது. நாலு விநாடி."

அவர் "பொய்" என்று கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. தலையைச் சொறிந்தார். "நாலாவதா? கிளட்ச் வழுக்கியிருக்கும் போல. இல்ல, நெனப்பு எங்கயாச்சும் போயிருக்கும். என் தப்புதான் லா. உன்ன ஞாயித்துக்கெழமையில அலைய விட்டுட்டேன், பாவம்."

கிள்ளான் பஸ் நிலையம் வரை அவரே கொண்டுவந்து விட்டார். கையில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, ஒரு பொட்டலம் திணித்தார். "அந்தப் பதினாலு பேருகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல" என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் திரும்பினார். வேன் போகும்போது மல்லிகைச் சரம் ஆடியது. பொட்டலத்தைப் பஸ்ஸில் பிரிக்கவே இல்லை. பிரிக்பீல்ட்ஸ் வரும்போது மணி 1.50. பட்டறைக்குப் போகக் கால் வராமல் அறைக்குப் போனேன்.

அண்ணன் கட்டிலில் படுத்திருந்தார். பல நாளுக்குப் பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"எங்கடா போன?"

"கிள்ளானுக்கு. சும்மா சுத்திப் பாக்க."

"ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கிட்டா சுத்திப் பாப்பாங்க?"

பையிலிருந்து நோட்டை எடுத்துவிட்டார். நான் தடுக்கவில்லை. இரண்டு முறை படித்தார்.

"ஆளு யாரு?"

"ஜெயான்னு ஒரு அக்கா. பாக்டரி வேன் ஓட்டுறாங்க."

"நாலாவதுல என்ன? ஆடு குறுக்க வந்துச்சா?"

"இல்ல."

"டயரு?"

"இல்லண்ணே."

"நாலு விநாடிய விட்டவங்க அடுத்த சுத்துல பதறுவாங்க. புடிக்கப் பாப்பாங்க, இல்ல பயப்படுவாங்க. இவங்க அஞ்சாவதுல அதே நாப்பத்தொண்ணு. இது அவங்க விட்டது இல்ல. நீ எழுதுனது."

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"டேய் குமாரு. அந்தக் காரு கவுந்த வளைவு வந்தா என் காலு ஆக்ஸிலேட்டர்லேருந்து தானா மேல எழும்புது. நான் எடுக்கல. தானா எழும்புது. நீ எத்தன நோட்டுல எழுதி அத அமுக்குவ?"

பேனாவை வாங்கினார். 45ஐ அடித்து 41 என்று எழுதினார். கீழே 0.7 என்று எழுதி வட்டம் போட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். "நீ சாப்புடு" என்றார். நாசி லெமாக் ஆறியிருந்தது. சாப்பிட்டேன்.

நான்காவது பந்தயத்தில் ஜெயா அக்காதான் ஓட்டினார். ஆறாவது வந்தார். பலகையில் "6" என்றே எழுதிக் காட்டினேன். அவர் ஒரு முறை தலையசைத்தார், அவ்வளவுதான். அண்ணன் அதற்கு முந்தின வாரமே ஈப்போவுக்கு ரயில் ஏறிவிட்டார். அங்கே ஒரு லோரிப் பட்டறையில் வேலை.

இனி போகிறவர்களுக்குச் சில யோசனைகள். ஞாயிறு காலை ஏழரைக்கு முன்பே பஸ் ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும். கிள்ளானில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தெலுக் பங்லிமா காராங்கில் ஞாயிறன்று கடைகள் பாதி மூடியிருக்கும். குடை தேவை. போகவர எனக்கு ஆன மொத்தச் செலவு, சாப்பாடு சேர்த்து, ஐந்து வெள்ளி ஐம்பது காசு. வரும்போது அக்கா வேனில் வந்ததால் தொண்ணூறு காசு மிச்சம். முடிந்தால் இரண்டு பேராகப் போங்கள்.

பத்துக் காசு நாணயங்கள் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். அந்த நான்காவது பந்தயம் முடிந்த மாலை, பிரிக்பீல்ட்ஸ் பொதுத் தொலைபேசியிலிருந்து ஈப்போவுக்குக் கூப்பிட்டேன். அண்ணன் நலம் விசாரிக்கவில்லை. "இடைவெளி எவ்வளவு?" என்று கேட்டார். "பூச்சியம் புள்ளி ஒன்பது" என்றேன். "ம்" என்றார். பிறகு நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நாணயம் தீர்ந்து லைன் அறுந்துவிட்டது. பையில் இருந்தது ஸ்டாப்வாட்ச் மட்டும்தான்.