சேகரின் வெள்ளைப் பெட்டி

பழைய வீடியோ கேம்களை இப்போது கைபேசியிலேயே ஆடலாம். நேற்று கீரனூர் வீட்டில் ஒன்றைத் திறந்தேன். அதன் பாட்டு தொடங்கியதுமே எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

அப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்த என் வீடியோ கேம் பெட்டி கறுப்பு. அத்தை மகன் சேகரின் பெட்டி வெள்ளை, திருச்சியில் மலிவாக வாங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் டிவிக்குத்தான் வருவான். என் பெட்டியில் பதினாறு பிட் என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கும். பிட் என்றால் என்னவென்றே தெரியாமல் அவனுடைய எட்டு பிட்டைக் கேலி செய்வேன். ஆனால் என் பெட்டியின் படங்கள் உண்மையிலேயே அற்புதம். மலையும் மேகமும் தனித்தனி வேகத்தில் நகரும். அவன் ஆட்டத்தில் வரும் ஆளோ சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டியதுபோல் இருப்பான்.

சண்டை முற்றிய ஒருநாள் அம்மாவிடம் தீர்ப்புக் கேட்டோம். அம்மா எப்போதும் டிவிக்கு முதுகைக் காட்டியபடி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருப்பாள்.

"படம் எதுல நல்லாருக்குன்னு எனக்கெங்கடா தெரியும்? காலு சேகரு பொட்டிக்குத்தான் நல்லா மிதிக்குது" என்றாள்.

நான் முறைத்தேன். சேகர் சிரித்துக்கொண்டே கேசட்டைச் சொருகினான். அப்போதுதான் கவனித்தோம், தையல் மிஷின் பாட்டின் தாளத்துக்கே ஓடியது. ஆட்டத்தில் நேரம் முடியப்போகும்போது அந்தப் பாட்டு வேகம் பிடிக்கும். அம்மாவின் காலும் பறந்தது. நாலைந்து சத்தங்களை மட்டும் வைத்துக்கொண்டு எவனோ போட்ட மெட்டு! என் பெட்டியில் அது இல்லைதான்.

நேற்று கைபேசியிலும் அதே பாட்டு வேகமெடுத்தது. முழங்கால் வலியால் அம்மா மிஷினை விட்டுப் பல வருடமாகிறது. கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தவளின் பாதம் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

"என்னடா, நேரம் முடியப்போவுதா?" என்றாள், திரும்பாமலே.